கரி, காகிதம், பரங்கிக்காய்: ஹாலோவீன் கைவினையின் வரலாறு

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் கொண்டாடப்படும் ஹாலோவீன், இன்று வட அமெரிக்காவிலும் பிரித்தானியத் தீவுகளிலும் முதன்மையாகச் சிறுவர்களுக்குரிய விழாவாக விளங்குகிறது. பழைய படுக்கை விரிப்பில் இரண்டு துளையிட்டுப் பேய்வேடம் தரிப்பதும், கறுப்புத் தாளில் வௌவால் வெட்டிச் சன்னலில் ஒட்டுவதும், பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கேற்றுவதும் இந்நாளை ஒட்டி வீடுகளிலும் பள்ளிகளிலும் நடைபெறும் வேலைகள். இவை யாவும் கெல்ட் மக்களின் சமயச் சடங்குகளிலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வருபவை என்று கூறுவது பரவலான வழக்கம். கிடைக்கும் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கூற்றின் ஒரு சிறு பகுதியே நிலைபெறுகிறது. விழா நாள் பழையது. வேடமிடுதலும் சில நூற்றாண்டுகள் பழையது. ஆனால் பெற்றோரும் குழந்தையும் மேசையைச் சுற்றி அமர்ந்து வேட உடையும் அலங்காரமும் செய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் உருவானது. அதனை உருவாக்கியவர்களுள் குடும்பத் தலைவியர், ஆசிரியர், நகராட்சியினர் ஆகியோருடன் காகித வணிகர்களுக்கும் பெரும் பங்குண்டு.

நாளின் பழமை

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லையாக நவம்பர் முதல் நாள் கருதப்பட்டது. மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஆடுமாடுகள் இறக்கிக் கொண்டுவரப்பட்டு, குளிர்காலத்துக்குத் தாங்காதவை அறுக்கப்பட்ட இப்பருவ எல்லையைக் கேலிக் மொழியினர் 'சௌவின்' என்றனர். இடைக்கால அயர்லாந்தின் கையெழுத்துச் சுவடிகளில் இந்நாள் மன்னர்கள் கூடும் நாளாகவும், விருந்து நடக்கும் நாளாகவும், மண்மேடுகளுக்குள் வாழும் மறுவுலகத்தார் வெளிப்படும் நாளாகவும் வருகிறது. எனினும் அச்சுவடிகள் யாவும் கிறித்தவர்களால் எழுதப்பட்டவை. சிறுவர் வேடமிட்டு வீடுவீடாகச் செல்வதைப் பற்றிய குறிப்பு அவற்றில் இல்லை.

கிறித்தவத் திருச்சபை தன் நாட்காட்டியில் இதே நாட்களுக்கு வேறொரு பொருளைத் தந்தது. 8ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி ரோம் நகரின் புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவருக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல் பிராங்கிய அரசன் லூயி, நான்காம் கிரகோரியின் இசைவுடன், நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவர் பெருவிழாவாகத் தன் ஆட்சிப்பரப்பு முழுவதும் நிலைநாட்டினான். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடும் நாளாக நவம்பர் 2ஆம் நாளைத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். தமிழகக் கத்தோலிக்கர் 'கல்லறைத் திருநாள்' என்று வழங்கி, கல்லறைகளைத் துப்புரவு செய்து மலரும் மெழுகுவத்தியும் வைத்து வழிபடுவது இந்த நாளில்தான். இவ்விரு நாட்களுக்கும் முந்தைய திருவிழிப்பு மாலையே ஹாலோவீன் எனப் பெயர்பெற்றது.

இறந்தோரின் ஆன்மாக்கள் விண்ணகம் சேரும்முன் தூய்மை பெறும் இடமாகிய உத்தரிக்கும் தலத்தின் மீதிருந்த நம்பிக்கையிலிருந்து இங்கிலாந்தில் ஒரு வழக்கம் கிளைத்தது. ஏழைகள் இந்நாட்களில் வீடுவீடாகச் சென்று அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபிக்க, வீட்டார் அவர்களுக்கு 'ஆன்ம அப்பம்' எனப்பட்ட சிறிய வட்டவடிவ இனிப்பு அப்பத்தை ஈந்தனர். 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் உத்தரிக்கும் தலம் என்ற கோட்பாட்டையே மறுத்தபோதும், செஷயர், ஷ்ராப்ஷயர் போன்ற வட்டாரங்களில் இவ்வழக்கம் செபத்தை இழந்து பாட்டாகத் தேய்ந்து, 19ஆம் நூற்றாண்டிலும் சிறுவர்களிடையே நீடித்தது.

கரியும் வைக்கோலும்

வேடமிட்டு வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் ஸ்காட்லாந்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பதிவாகியுள்ளது. 'கைசிங்' எனப்பட்ட இவ்வழக்கத்தில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் மணமாகாத இளைஞர்களே. தம்மை அடையாளம் காணவிடாமல் மறைத்துக்கொள்வதே இவர்களது வேடத்தின் நோக்கமாக இருந்ததால், குறிப்பிட்ட உருவம் எதையும் அது சித்திரிக்க வேண்டியதில்லை. அடுப்புக்கரியை முகத்தில் பூசுவது, மேலங்கியை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி அணிவது, ஆண்கள் பெண்ணுடையும் பெண்கள் ஆணுடையும் உடுத்துவது, வெள்ளைத் துணியால் தலையைப் போர்த்துவது ஆகியவற்றுக்கு வீட்டில் இருந்தவை போதுமானவையாக இருந்தன. வீட்டுக்குள் அழைக்கப்பட்டவர்கள் ஒரு பாட்டோ ஆட்டமோ கதையோ நிகழ்த்தி, அதற்கு ஈடாகக் கொட்டைகளும் ஆப்பிளும் சில்லறையும் பெற்றுச் சென்றனர்.

இவ்வேடங்களுள் கைத்திறன் மிகுந்தது ஷெட்லாந்துத் தீவுகளின் 'ஸ்கெக்ளர்' வேடம். வைக்கோலைப் பிரிகளாகத் திரித்துப் பாவாடை, தோள்போர்வை, உயர்ந்த கூம்புத்தொப்பி என மூன்று பகுதிகளாக முடைந்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்ட இவர்கள், குளிர்காலத் திருநாட்களிலும் திருமணங்களிலும் வீடுகளுக்குச் சென்றனர். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில், 'லார் வான்' எனப்பட்ட வெள்ளைக் குதிரை வேடக்காரர் ஒருவர் வெள்ளைத் துணி போர்த்து முன்செல்ல, கொம்பு ஊதியவாறு இளைஞர் கூட்டம் பண்ணைவீடுகளில் தானியமும் பாலும் பணமும் தண்டியது. அயர்லாந்தின் வேறு சில பகுதிகளில், இரு குச்சிகளைக் குறுக்காக வைத்து வைக்கோலால் பின்னிய 'பார்ஷெல்' என்ற சிலுவையை இவ்விரவில் வாசலுக்கு உட்புறம் மாட்டி, அடுத்த ஆண்டு அதனை எடுத்துப் புதியதை வைப்பது வீட்டுக் காவலாகக் கருதப்பட்டது.

இவ்விழா அக்காலத்தில் குழந்தைகளை மையமாகக் கொண்டிருக்கவில்லை என்பதற்கு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய 'ஹாலோவீன்' என்னும் நெடும்பாடல் நல்ல சான்று. அவரே அடிக்குறிப்பிட்டு விளக்கியுள்ள வழக்கங்கள், கண்ணை மூடிக்கொண்டு கீரைத்தண்டைப் பிடுங்கி அதன் வடிவைக் கொண்டு வருங்காலத் துணையை ஊகிப்பது, இரு கொட்டைகளை நெருப்பிலிட்டு அவை சேர்ந்து எரிகின்றனவா வெடித்து விலகுகின்றனவா என்று பார்த்துக் காதலின் போக்கை அறிவது போன்ற குறிபார்ப்புகளே. அயர்லாந்து ஓவியர் டேனியல் மக்ளீஸ், பிளார்னி என்ற ஊரில் 1832இல் தாம் கண்ட விருந்தை அடிப்படையாகக் கொண்டு 1833இல் காட்சிக்கு வைத்த ஓவியத்திலும், கயிற்றில் தொங்கும் ஆப்பிளைக் கையால் தொடாமல் வாயால் கவ்வும் விளையாட்டும் நடனமும் குறிபார்ப்பும் எல்லா வயதினரையும் கொண்ட கூட்டத்தில் நடைபெறுகின்றன.

கிழங்கு விளக்கு

சிறுவர்களின் கைவேலையாக முதலில் துலங்குவது விளக்கே. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கின் மேற்பகுதியை மூடிபோல் அறுத்து, உள்ளிருக்கும் கெட்டியான சதையைக் கத்தியாலும் கரண்டியாலும் சுரண்டியெடுத்து, பக்கத்தில் கண்ணும் மூக்கும் பல்லும் கொண்ட முகம் செதுக்கி, உள்ளே மெழுகுவத்தித் துண்டை நிறுத்திக் கயிற்றில் தொங்கவிட்டனர். பரங்கிக்காயில் இருப்பது போன்ற இயல்பான உள்வெளி இல்லாத, கடினமான கிழங்கு என்பதால் இவ்வேலைக்கு நெடுநேரமும் வலுவான மணிக்கட்டும் தேவைப்பட்டன. அயர்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வுப் பிரிவில், மேயோ மாவட்டத்தின் டர்லோ பூங்காவில், டோனகால் மாவட்டத்தைச் சேர்ந்த இத்தகைய விளக்கொன்றின் சாந்து வார்ப்பு வைக்கப்பட்டுள்ளது. வாடிச் சுருங்கிய தோலும் கோணல் பற்களும் கொண்ட அம்முகம், இன்றைய பரங்கிக்காய் விளக்கின் சிரிப்பைவிடப் பன்மடங்கு அச்சமூட்டுவது.

டர்னிப் இத்தீவுகளில் பரவலான வயற்பயிரானது 18ஆம் நூற்றாண்டின் வேளாண் மாற்றங்களுக்குப் பின்னர்தான் என்பதும், விளக்குக்கு ஏற்ற பெரிய மஞ்சள் நிறக் கிழங்கினம் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துசேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. எனவே கிழங்கு விளக்கைக் கெல்ட் பூசாரிகளின் காலத்துக்குக் கொண்டுசெல்வதற்கு இடமில்லை. மான் தீவில் 'ஹொப்-டு-நா' என்ற பெயரில் சிறுவர்கள் டர்னிப் விளக்குடன் பாடிச் செல்லும் வழக்கமும், இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்து ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் சிற்றூரில் அக்டோபர் மாதத்துக் கடைசி வியாழனன்று மாட்டுத்தீவனக் கிழங்கைக் குடைந்து ஊர்வலம் செல்லும் 'பங்கி இரவு' என்ற வழக்கமும் இம்மரபின் உறவுகள்.

கடல் கடந்த விழா

1845இல் தொடங்கிய அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் வட அமெரிக்காவை அடைந்தனர். அவர்களுடனும் ஸ்காட்லாந்துக் குடியேறிகளுடனும் ஹாலோவீன் அங்கு வேர்கொண்டது. அமெரிக்கக் கண்டத்தில் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டுவந்த பரங்கிக்காய், அக்டோபரில் முற்றி அறுவடைக்கு வரும் காய். பெரியது, மெல்லிய சதையுடையது, உள்ளே விதையும் நாரும் மட்டுமே கொண்டது. டர்னிப்பில் நெடுநேரம் பிடித்த வேலை இதில் விரைந்து முடிந்ததால் சிறுவர்களுக்கும் எட்டும் கைவினையாயிற்று. ஆயினும் முகம் செதுக்கிய பரங்கிக்காய் தொடக்கத்திலேயே ஹாலோவீனுக்கு உரியதாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் எழுதிய பரங்கிக்காய் பற்றிய கவிதை, சிறுவயதில் அதில் முகம் வெட்டி விளக்கேற்றியதை நினைவுகூர்வது நவம்பர் மாத நன்றியறிதல் நாளின் பின்னணியில்தான். அந்நூற்றாண்டின் இறுதியில்தான் இவ்விளக்கு ஹாலோவீனின் சின்னமாக உறுதிப்பட்டது. 1960களில் மாசசூசெட்ஸ் மாநில உழவர் ஜான் ஹவ்டன், உறுதியான காம்பும் சீரான வடிவும் கொண்ட, செதுக்குவதற்கென்றே ஏற்ற பரங்கி வகையொன்றைத் தெரிந்தெடுத்து வளர்த்தார். சந்தையில் விளக்குக்கென விற்கப்படும் காய்களுள் அவ்வகை இன்றும் முன்னிற்கிறது.

காகித நிறுவனங்களின் பங்கு

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்க மகளிர் இதழ்கள் ஹாலோவீனை நடுத்தர வர்க்க வீட்டு விருந்தாக மாற்றியமைத்தன. சோளத்தட்டையும் இலையுதிர்கால இலைகளும் ஆப்பிளும் கொண்டு கூடத்தை அலங்கரிக்கவும், அழைப்பிதழைச் சூனியக்காரி அல்லது பூனை வடிவில் வெட்டவும் அவை வழிகாட்டின. 1919இல் ரூத் எட்னா கெல்லி வெளியிட்ட நூல், இவ்விழாவின் வரலாற்றை முழுநூலாகத் தந்த முதல் அமெரிக்க முயற்சியாகக் கருதப்படுகிறது. அதற்குள் விழா கல்வியறிவுடையோர் ஆய்ந்து கொண்டாடும் ஒன்றாகிவிட்டிருந்தது.

இம்மாற்றத்தை வணிகமாக்கியது டென்னிசன் நிறுவனம். நகைப்பெட்டி செய்யும் தொழிலாக 1844இல் தொடங்கி, பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாமில் நிலைகொண்ட இந்நிறுவனம், விலைச்சீட்டு, பொட்டலத்தாள் ஆகியவற்றுடன் கிரேப் காகிதமும் தயாரித்தது. கிரேப் காகிதம் என்பது நெருக்கமான சுருக்கங்கள் பதிக்கப்பட்ட, இழுத்தால் விரிந்துகொடுக்கும் மெல்லிய வண்ணத்தாள். துணியைப் போல மடித்துக் கொசுவலாம், ஓரத்தை விரலால் நீவிப் பூவிதழ்போல் விரிக்கலாம், தையல் இயந்திரத்திலும் தைக்கலாம். இத்தாளுக்குப் பயன் கற்பித்தாலன்றி விற்பனை பெருகாது என்பதை உணர்ந்த நிறுவனம், 1909இல் 'போகி புக்' என்ற சிறு கையேட்டை வெளியிட்டது. 1912இல் அடுத்த பதிப்பு வந்தது. அதன்பின் 1930களின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ ஆண்டுதோறும் புதிய பதிப்புகள் சில சென்ட் விலையில் விற்கப்பட்டன.

இக்கையேடுகள் கற்பித்த முறை எளியது. மலிவான பருத்தித் துணியில் கையற்ற உள்ளங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டு, அதன்மேல் கறுப்பும் செம்மஞ்சளுமான காகிதப் பட்டைகளைக் கீழிருந்து மேலாக வரிசையாகத் தைத்துப் பாவாடை அடுக்குகளை உருவாக்க வேண்டும். அச்சிட்ட பூனை, ஆந்தை, பிறைநிலா உருவங்களை வெட்டி ஒட்ட வேண்டும். அட்டையைக் கூம்பாகச் சுருட்டித் தொப்பி செய்ய வேண்டும். நனைந்தால் சாயம் போகும் இவ்வுடை ஓரிரவுக்கே உரியது என்பதால் அடுத்த ஆண்டு மறுபடியும் காகிதம் வாங்க நேர்ந்தது. ஹாலோவீனின் நிறங்களாகக் கறுப்பும் செம்மஞ்சளும் வேரூன்றியதில் இத்தகைய அச்சுத்தாள்களுக்குக் கணிசமான பங்குண்டு. பென்சில்வேனியாவில் 1900இல் தொடங்கப்பட்ட பைஸ்டல் நிறுவனம், தேன்கூட்டு அறைகளைப் போல விரியும் மெல்லிய தாள் உருண்டைகளையும், கைகால் அசையும் அட்டை எலும்புக்கூடுகளையும் 1920களிலிருந்து பெருமளவில் விற்றது. இவ்வாறு, கடைப்பொருளுக்கு நேர்மாறானதாக இன்று போற்றப்படும் வீட்டுக் கைவினை, ஒரு தலைமுறைக்காலம் கடைப்பொருளின் விற்பனை உத்தியாகவே வளர்ந்தது.

குறும்பிலிருந்து குழந்தை விழாவுக்கு

விருந்துக் கூடங்களுக்கு வெளியே விழா வேறு முகம் கொண்டிருந்தது. வேலிக்கதவுகளைக் கழற்றி ஒளிப்பதும், வண்டிகளைப் பிரித்துக் கூரைமேல் ஏற்றிப் பூட்டுவதும், கொல்லைப்புறக் கழிப்பறைகளைக் கவிழ்ப்பதும் இளைஞர்களின் ஹாலோவீன் உரிமைகளாகக் கருதப்பட்டன. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்களில் பொறுத்துக்கொள்ளப்பட்ட இக்குறும்புகள், நகரங்களிலும் மோட்டார் வாகனக் காலத்திலும் தெருவிளக்கு உடைப்பு, கார்ச்சக்கரத்தைச் சேதப்படுத்துதல் என வளர்ந்து, 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நகராட்சிகளுக்குப் பெருந்தலைவலியாயின.

இதற்குத் தண்டனையைவிட மாற்று விழாவே சிறந்த மருந்தென்று பல ஊர்கள் முடிவு செய்தன. மின்னசோட்டா மாநிலத்தின் அனோகா நகரம் 1920இலேயே சிறுவர்களுக்கான வேட ஊர்வலமும் தின்பண்ட விநியோகமும் நடத்தத் தொடங்கி, உலகின் ஹாலோவீன் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. பள்ளிகளும் ஊர்ச்சங்கங்களும் வேடப்போட்டி, கடைச்சன்னலில் வண்ணம் தீட்டும் போட்டி போன்றவற்றை ஏற்பாடு செய்தன; குறும்பாகக் கடைச்சன்னல்களில் சோப்பைத் தேய்த்துக் கெடுத்த கைகளுக்குத் தூரிகை தரப்பட்டது. பெருமந்தக் காலத்தில் தனியொரு வீட்டாரால் விருந்துச் செலவைத் தாங்க இயலாதபோது, ஒரு தெருவின் வீடுகள் செலவைப் பங்கிட்டு, ஒரு வீட்டில் விளையாட்டு, அடுத்த வீட்டில் தின்பண்டம் எனச் சிறுவர்களை அனுப்பும் முறையும் தோன்றியது.

'தின்பண்டமா, குறும்பா' என்று வாசலில் கேட்கும் வழக்கம், அதற்குரிய ஆங்கிலத் தொடருடன், 1920களில் மேற்குக் கனடாவின் நாளிதழ்களில் காணப்படுகிறது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய அது, 1942 முதல் 1947 வரை நீடித்த சர்க்கரைப் பங்கீட்டால் தடைப்பட்டு, போருக்குப் பின் புதிய புறநகர்க் குடியிருப்புகளில் முழுமையாக நிலைபெற்றது. 1950இல் பிலடெல்பியாப் பகுதியைச் சேர்ந்த ஆலிசன் தம்பதியர், சிறுவர்கள் தாமே அலங்கரித்த காலிப் பால்பெட்டிகளை ஏந்திச் சென்று, போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக யுனிசெஃப் அமைப்புக்கு நிதி திரட்டும் முயற்சியைத் தொடங்கினர். முதல் ஆண்டில் 17 டாலர் மட்டுமே சேர்ந்த அம்முயற்சி, பின்னர் நாடளாவிய இயக்கமாயிற்று.

வாங்கிய வேடமும் செய்த வேடமும்

வாசல்தோறும் செல்லும் சிறுவர் பெருகியதும் ஆயத்த வேட உடை ஒரு தொழிலாயிற்று. 1937இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட பென் கூப்பர் நிறுவனம், ரப்பர் பட்டையால் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் முகமூடியையும், மேலே படம் அச்சிட்ட உடையையும், கண்ணாடித்தாள் பதித்த அட்டைப்பெட்டியில் வைத்து மலிவாக விற்றது. டிஸ்னி முதலிய நிறுவனங்களிடம் உரிமம் பெற்றுத் திரைப்பாத்திரங்களை வேடமாக்கியதால், சூனியக்காரியும் பேயும் ஆட்சி செய்த இரவில் இளவரசிகளும் சாகச வீரர்களும் நுழைந்தனர். 1982இல் சிகாகோப் பகுதியில் மருந்துக் குப்பிகளில் எவரோ நஞ்சு கலந்ததில் எழுவர் இறந்ததையடுத்து, அவ்வாண்டு ஹாலோவீன் அச்சத்தால் களையிழந்தது. வேட வணிகமும் அடிவாங்கியது. பென் கூப்பர் நிறுவனம் பின்னர் நொடித்து, 1990களின் தொடக்கத்தில் போட்டி நிறுவனமொன்றின் கைக்குச் சென்றது.

ஆயத்த உடையின் காலத்திலும் கைவேலை மறையவில்லை. பணச்செலவற்ற வேடங்களுள் மிகவும் நிலைத்தது வெள்ளை விரிப்புப் பேய். பிணத்தைத் துணியில் சுற்றிப் புதைத்த நூற்றாண்டுகளில், பேயைச் சவத்துணியுடன் வரைவது ஐரோப்பிய ஓவிய வழக்கு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கம்பளித் தொழிலைக் காக்கும் பொருட்டுப் பிணங்களைக் கம்பளித் துணியில் மட்டுமே புதைக்க வேண்டுமென்று சட்டமே இயற்றப்பட்டது. சவப்பெட்டி பரவலாகிச் சவத்துணி மறைந்த பின்னும் பேயின் உடை மாறவில்லை; 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சார்லி பிரவுன் கேலிச்சித்திரப் படத்தில், கத்தரிக்கோலைக் கையாளத் தெரியாத சிறுவன் விரிப்பெங்கும் துளையிட்டுக்கொண்டு நிற்பது, அவ்வேடம் எந்த வீட்டுக்கும் தெரிந்ததாக இருந்ததைக் காட்டுகிறது. அட்டைப்பெட்டியில் இயந்திர மனிதன், பழைய சட்டையில் வைக்கோல் செருகிய சோளக்கொல்லைப் பொம்மை, தக்கையைச் சுட்டெடுத்த கரியால் மீசை தீட்டிய நாடோடி ஆகியவையும் இவ்வரிசையைச் சேர்ந்தவை. காகித உடையும் மெழுகுவத்தியும் அருகருகே இருந்த ஆபத்து காலப்போக்கில் உணரப்பட்டது. எளிதில் தீப்பற்றும் துணிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அமெரிக்காவில் 1953இல் வந்தது. இன்று பல வீடுகளில் மெழுகுவத்திக்குப் பதில் மின்கல விளக்கு வைக்கப்படுகிறது.

1990களில் மார்த்தா ஸ்டூவர்ட் போன்றோரின் இதழ்கள் வீட்டலங்காரக் கைவினைக்கு மீண்டும் மதிப்பைக் கூட்டின. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க வடிவிலான விழா அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் திரும்பிவந்து, டர்னிப்பின் இடத்தைப் பரங்கிக்காய்க்குக் கொடுத்தது. வட அயர்லாந்தின் டெரி நகரம் 1980களிலிருந்து நடத்திவரும் ஹாலோவீன் பெருவிழாவில் ஊரே வேடமிட்டுத் தெருவில் இறங்குகிறது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. வேடமும் விளக்கும் அலங்காரமும் குழந்தைகளின் கைக்கு வந்தது தொன்மையான சமய நம்பிக்கையின் தொடர்ச்சியால் நேர்ந்ததன்று. குறும்பை அடக்க விரும்பிய ஊராரும், காகிதம் விற்க விரும்பிய வணிகரும், குறைந்த செலவில் பிள்ளைகளை மகிழ்விக்க விரும்பிய பெற்றோரும் ஒரே காலத்தில் எடுத்த முயற்சிகளின் விளைவு அது. கரி பூசிய ஸ்காட்லாந்து இளைஞனுக்கும் அட்டைப்பெட்டிக்குள் நுழையும் இன்றைய சிறுவனுக்கும் இடையிலான உண்மையான பொதுமை, வீட்டில் கிடைப்பதைக் கொண்டு ஓரிரவுக்கு வேறொருவராக மாறும் முறையில்தான் உள்ளது. பிளாஸ்டிக் முகமூடிகள் மலிந்த காலத்திலும் அம்முறை நீடிப்பதற்கு, அது பணத்தைக் குறைவாகவும் கைத்திறனைக் கூடுதலாகவும் கேட்பதே முதன்மையான காரணம்.